என் சாவிக்கொத்தில் தொங்கும் நிர்சாஃப்ட்

கடைச் சாவி, மோட்டார் சைக்கிள் சாவி, வீட்டு கிரில் சாவி. இந்த மூன்றோடு ஒரு பழைய பென்டிரைவும் என் சாவிக்கொத்தில் தொங்குகிறது. எட்டு ஜிபிதான், அதில் பாதிகூட நிறையவில்லை. ஆனாலும் மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் நான் நடத்தும் போட்டோஸ்டாட் கடைக்கு நகலெடுக்கும் இயந்திரம் எப்படியோ, இந்தப் பென்டிரைவும் அப்படி. வீட்டில் மறந்துவிட்டு வந்தால் திரும்பிப் போய் எடுத்து வருவேன்.

அதற்குள் இருப்பவை நிர் சோஃபர் என்ற ஒரே நிரலாளர் எழுதி, நிர்சாஃப்ட் என்ற பெயரில் இலவசமாகக் கொடுக்கும் குட்டிக் குட்டிக் கருவிகள். இருநூறுக்கும் மேல் இருக்கின்றன. எல்லாம் விண்டோஸுக்கு மட்டும். நான் அடிக்கடி திறப்பது ஏழெட்டுதான். ஆறு வருடம் கையில் வைத்துப் பழகியவள் என்ற முறையில் அவற்றைப் பற்றி எழுதுகிறேன்.

என் கடை கம்ப்யூட்டர் கடை இல்லை. நகலெடுப்பது, லேமினேட் செய்வது, உதவித்தொகைப் பாரம் நிரப்பித் தருவது, கல்யாணப் பத்திரிகை தட்டுவது, இவைதான் தொழில். ஆனால் கடையில் இரண்டு கம்ப்யூட்டர் இருப்பதைப் பார்த்துவிட்டு, "அக்கா, இது ரோசாக் ஆயிடுச்சு, கொஞ்சம் பாருங்களேன்" என்று மடிக்கணினியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வருகிறார்கள். ஈப்போவுக்குக் கொண்டு போனால் போக வர அரை நாள் போகும், கூலியும் போகும். தோட்டத்து வேலையில் இருப்பவருக்கு அது பெரிய காசு. அதனால் பார்த்துக் கொடுக்க ஆரம்பித்தேன். எனக்குக் கற்றுக் கொடுத்தவன் என் அண்ணன் மகன். ஒரு தீபாவளிக்கு வந்தவன், "அத்தை, இதை மட்டும் வெச்சுக்குங்க, போதும்" என்று இந்தப் பென்டிரைவைக் கொடுத்துவிட்டுப் போனான்.

முதலில் என்னைக் கவர்ந்தது, இவற்றை நிறுவவே தேவையில்லை என்பது. ஒரு கருவி என்றால் ஒரு சின்னக் கோப்பு. பெரும்பாலானவை ஒரு எம்பிகூட வராது, நாம் எடுக்கும் ஒரு கைப்பேசிப் படத்தைவிடச் சிறியவை. பென்டிரைவைச் செருகி இரண்டு முறை சொடுக்கினால் திறந்துகொள்ளும். நம் விருப்பங்களை அதே மடிப்பில் (ஃபோல்டரில்) இன்னொரு சின்னக் கோப்பாக எழுதி வைத்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் பென்டிரைவைப் பிடுங்கிக்கொள்ளலாம், வாடிக்கையாளர் கம்ப்யூட்டரில் புதிதாக எதையும் நிறுவிவிட்டு வர வேண்டியதில்லை. பத்து வருடப் பழைய மடிக்கணினி, நான்கு ஜிபி நினைவகம், அதில் ஏற்கெனவே மூன்று 'இலவச' சுத்திகரிப்பு மென்பொருள்கள் உட்கார்ந்துகொண்டு நிமிடத்துக்கு ஒரு முறை பணம் கட்டச் சொல்லும். அப்படிப்பட்ட பெட்டியில் இன்னொன்றை ஏற்ற எனக்கு மனம் வருவதில்லை. இந்தக் கருவிகள் எதையும் விற்கப் பார்ப்பதில்லை, பதிவு செய்யச் சொல்வதில்லை, மின்னஞ்சல் கேட்பதில்லை.

பார்வைக்கு எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. மேலே மெனு, கீழே வரிசை வரிசையாக ஒரு பட்டியல். எந்தத் தலைப்பைச் சொடுக்கினாலும் அதன்படி வரிசை மாறும். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து கன்ட்ரோலும் எஸ்ஸும் அழுத்தினால் பட்டியலைக் கோப்பாகச் சேமிக்கலாம். ஒன்றைப் பழகினால் மற்றதெல்லாம் பழகியதுபோலத்தான். அழகு பார்ப்பவர்களுக்கு இது பிடிக்காமல் போகலாம். எனக்கு இந்த ஒழுங்கு அவ்வளவு பிடித்திருக்கிறது. தோட்டத்து ஆபீஸில் கிராணி எழுதும் பேரேடு மாதிரி, கோடு போட்டு, பெயர், தேதி, எண் என்று நேராக இருக்கும்.

புளூஸ்கிரீன்வியூ என்ற கருவியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் ஒரு குடும்பத்துக்கு அது நிஜமாகவே காசு மிச்சம் பிடித்துக் கொடுத்தது. டியூஷன் எடுக்கும் ஒரு பெண், மேசைக் கணினியை மாமனாரின் காரில் ஏற்றிக் கொண்டுவந்தார். இரண்டு நாளைக்கு ஒரு முறை திரை நீலமாகி அணைந்துவிடுகிறதாம். வேறோர் ஊரில் காட்டியிருக்கிறார், மதர்போர்டு போய்விட்டது, 450 வெள்ளி (ரிங்கிட்) ஆகும் என்று சொல்லிவிட்டார்களாம். விண்டோஸ் அப்படி நீலமாகி விழும்போது, விழுந்த நேரத்தில் உள்ளே என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று ஒரு சிறு குறிப்பைக் கோப்பாக எழுதி வைக்கும். மினிடம்ப் என்பார்கள். அந்தக் கோப்பைச் சாதாரணமாகத் திறந்தால் ஒன்றும் புரியாது. இந்தக் கருவி அவற்றையெல்லாம் வாசித்து மேல் பாதியில் ஒவ்வொரு விழுதலையும் தேதியோடு பட்டியல் போடுகிறது. கீழ்ப் பாதியில் அப்போது நினைவகத்தில் இருந்த டிரைவர்களை, அதாவது கணினியோடு இணைந்த பொருள்களை இயக்கும் சிறு நிரல்களைக் காட்டுகிறது. அவற்றில் சம்பந்தப்பட்டதாகத் தெரிபவற்றுக்கு இளஞ்சிவப்பு நிறம் பூசியிருக்கிறது.

அந்தப் பெண்ணின் கணினியில் பன்னிரண்டு வரி இருந்தது. ஒன்பதில் ஒரே டிரைவரின் பெயர். இணையத்தில் மலிவாக வாங்கிய, யுஎஸ்பியில் செருகும் குட்டி வைஃபை ஆன்டெனாவுடையது அது. "இதை எப்ப வாங்கினீங்க, தங்கச்சி?" என்றேன். தேதியைப் பார்த்தோம். வாங்கிய வாரத்திலிருந்துதான் விழத் தொடங்கியிருக்கிறது. அந்த டிரைவரை நீக்கி, ஆன்டெனாவையும் கழற்றி, நீளமான கேபிள் ஒன்றைப் போட்டுவிட்டோம். ஏழு மாதம் ஆகிறது, ஒரு முறைகூட விழவில்லை. கேபிளுக்கு 18 வெள்ளி.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தக் கருவி பல நேரம் விண்டோஸின் மையக் கோப்பின் பெயரையே குற்றவாளியாகக் காட்டும். அதை அப்படியே நம்பி விண்டோஸை அழித்துப் போட்டுவிடக் கூடாது. உண்மைக் காரணம் வேறு எங்கேயோ, பழுதான நினைவகத்திலோ சூட்டிலோ இருக்கலாம். மின்சாரம் சட்டென்று போய் அணைந்தால் அதற்குக் குறிப்புக் கோப்பே உண்டாகாது. பிற்பகலில் இடி இடித்து மின்சாரம் போவது நம் ஊரில் வழக்கம் என்பதால் அதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்வேன். கருவி சாட்சி சொல்லும். தீர்ப்பு நாம்தான் யோசித்துச் சொல்ல வேண்டும்.

அடுத்தது வயர்லெஸ்கீவியூ. கணினியில் ஏற்கெனவே சேமித்திருக்கும் வைஃபை கடவுச்சொற்களை இது பட்டியலாகக் காட்டும். ஒரு கோயில் கமிட்டியில் இணைய வேலையெல்லாம் பார்த்த பெரியவர் தவறிவிட்டார். கடவுச்சொல் அவரோடு போய்விட்டது. திருவிழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது புதிய செயலாளர், கோயில் ஆபீஸ் மடிக்கணினியோடு வந்தார். அது மட்டும் பழைய பழக்கத்தில் தானாக இணைந்துகொண்டிருந்தது. கருவியைத் திறந்தேன், கோயில் வைஃபையின் கடவுச்சொல் முழுதாகத் தெரிந்தது. அந்தப் பெரியவர் தன் பேத்தியின் பெயரையும் பிறந்த வருடத்தையும் சேர்த்து வைத்திருந்தார். செயலாளர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அதே பட்டியலில் கமிட்டிக்காரர்கள் போய் வந்த வீடுகளின் வைஃபை பெயர்களும் கடவுச்சொற்களும் இருந்தன. எனக்குத் தேவையில்லாதவை. உடனே மூடினேன். அன்றைக்குப் போட்டுக்கொண்ட விதி இன்றும் இருக்கிறது: இந்த வகைக் கருவியைத் திறப்பதென்றால் கணினியின் சொந்தக்காரர் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும், திரை அவர் பக்கம் திரும்பியிருக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், இந்தக் கருவிகளின் குணமே அதுதான். அவை புதிதாக எதையும் உண்டாக்குவதில்லை. உங்கள் கணினி உங்களைப் பற்றி ஏற்கெனவே எழுதி வைத்திருப்பதை, எங்கோ ஒரு மூலையில் பூட்டி வைத்திருப்பதை, எடுத்து உங்கள் முன் வைக்கின்றன. எந்தெந்தப் பென்டிரைவ் இதில் எப்போது செருகப்பட்டது என்பதை யுஎஸ்பிடிவியூ சொல்லும். உலாவியில் சேமித்த கடவுச்சொற்களைக் காட்டும் கருவியும் உண்டு. உங்களுக்குச் சொந்தமான செய்தி உங்கள் கைக்குத் திரும்புகிறது, அது நியாயம். ஆனால் கணினி யார் கையில் இருக்கிறதோ அவருக்கும் அதே செய்தி கிடைக்கும். ஒருவர் மனைவியின் மடிக்கணினியைக் கொண்டுவந்து, "கடவுச்சொல் எல்லாம் மறந்துட்டாங்களாம், எடுத்துக் குடுங்க அக்கா" என்றார். "அவங்களையே கூட்டிட்டு வாங்க தம்பி, ரெண்டு நிமிஷத்துல எடுத்துத் தர்றேன்" என்றேன். அவர் மறுபடி வரவில்லை. நான் செய்தது சரி என்றே இன்றும் நினைக்கிறேன்.

வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் இவற்றில் பலவற்றைக் கண்டதும் கூச்சல் போடுவதும் இதனால்தான். தப்பானவர்களும் இவற்றைப் பயன்படுத்துகிறார்கள் என்பதால் கருவியையே குற்றவாளிப் பட்டியலில் போட்டுவிடுகிறார்கள். ஒரு முறை வாடிக்கையாளர் கண் முன்னால், பென்டிரைவைச் செருகிய பத்து நொடியில் சிவப்புச் சன்னல் வந்து ஐந்து கருவிகளை அழித்துவிட்டது. "வைரஸை நீங்கதான் கொண்டு வந்தீங்களா?" என்று அவர் கேட்ட கேள்வி எனக்கு மிகவும் வலித்தது. இப்போதெல்லாம் செருகுவதற்கு முன்பே விளக்கிவிடுகிறேன். அசல் பிரதியை வீட்டுக் கணினியில் தனியாக வைத்திருக்கிறேன். நீங்களும் பயன்படுத்துவதென்றால் நிர்சாஃப்டின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். அதே பெயரில் வேறு எதையோ ஒட்டித் தரும் தளங்கள் நிறைய. பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருப்பது வேறாக இருக்கும்.

விண்டோஸ் திரும்பப் போடும்போது உரிமச் சாவியைக் காட்டும் புரொடியூகீயும் பயன்படுகிறது, முன்பு அளவுக்கு இல்லை. ஆஃபீஸ் 2013-இலிருந்து சாவியின் கடைசி ஐந்து எழுத்துகள் மட்டுமே கணினியில் இருக்கும், ஆகவே முழுச் சாவியை எந்தக் கருவியாலும் எடுத்துத் தர முடியாது. வயர்லெஸ் நெட்வொர்க் வாட்சர், வீட்டு வைஃபையில் யார் யார் ஏறியிருக்கிறார்கள் என்று காட்டும். தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் அடிக்கடி கேட்கிறார்கள். இப்போதைய கைப்பேசிகள் தங்கள் வலையமைப்பு முகவரியை மாற்றி மாற்றிக் காட்டுவதால், எந்த நிறுவனத்துக் கைப்பேசி என்று எப்போதும் தெரியாது. எண்ணிக்கை பார்க்கப் போதும்.

இனி சர்ச்மைஃபைல்ஸ். எனக்கு மிகவும் வேண்டியது இதுதான்.

எங்கள் அப்பா டோவன்பி ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். அந்தக் காலத்துத் தோட்ட ஆபீஸில் கிராணியாக (எழுத்தராக) இருந்த ஓர் ஐயா, இப்போது எண்பதைத் தாண்டியவர், தன் படங்களையெல்லாம் கணினியில் ஏற்ற வேண்டும் என்று ஆசைப்பட்டார். லயத்து வீடுகள், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டு, தீமிதி, மலேசிய இந்தியர் தலைவர் துன் சம்பந்தனின் காலத்தில், தொழிலாளர்கள் பணம் சேர்த்துத் தோட்டங்களை வாங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பணம் கட்டிய கூட்டங்கள், மாரியம்மன் கோயில் பழைய கோபுரம். படத்தில் இருக்கும் லயங்களில் பாதி இன்று வீடமைப்புப் பகுதி. மூன்று பேரப்பிள்ளைகள் மூன்று வருடத்தில் தனித்தனியாகப் படமெடுத்து, ஸ்கேன் செய்து, ஒருவர் பென்டிரைவை இன்னொருவர் நகலெடுத்து, கடைசியில் 11,000 கோப்பு ஆகிவிட்டது. எது எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. ஐயா அத்தனையையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக் கொண்டுவந்து, "பாப்பா, இதுல ஒண்ணுகூடக் காணாமப் போகக்கூடாது" என்றார்.

சர்ச்மைஃபைல்ஸில் கோப்பைத் தேடுவதோடு, ஒத்த கோப்புகளைக் கண்டுபிடிக்கும் முறையும் உண்டு. பெயரைப் பார்க்காமல் கோப்பின் உள்ளடக்கத்தையே ஒப்பிடுகிறது. கல்யாணம் என்றும் ஸ்கேன் 0047 என்றும் இரண்டு பெயரில் இருந்தாலும் உள்ளே ஒன்றுதான் என்றால் இரண்டையும் ஒரே குழு எண்ணில் சேர்த்துக் காட்டும். அளவு, தேதி, இருக்கும் மடிப்பு எல்லாம் பக்கத்திலேயே தெரியும். என் பழைய கணினியில் அந்தத் தேடலுக்கு ஒரு மதியச் சாப்பாட்டு நேரம் ஆனது. முடிவில் 4,300 கோப்புக்கு மேல் வெறும் மறுபிரதிகள்.

கருவி தானாக எதையும் அழிக்கவில்லை. இதைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். 'ஒரே சொடுக்கில் சுத்தம்' என்று சொல்லும் மென்பொருள்கள் எதை அழித்தோம் என்றுகூடச் சொல்வதில்லை. இது பட்டியலை நீட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. நான் முதலில் எல்லாவற்றையும் ஒரு தனி வன்தட்டில் நகலெடுத்து வைத்துவிட்டு, குழு குழுவாகப் பார்த்து, ஒவ்வொரு குழுவிலும் ஒன்றை வைத்துக்கொண்டேன். மூன்று இரவு ஆனது.

இது செய்ய முடியாத வேலையும் உண்டு, தெரிந்துகொண்டு இறங்குங்கள். ஒரே படத்தை இரண்டு தடவை ஸ்கேன் செய்தால் நம் கண்ணுக்கு ஒன்று, கருவிக்கு இரண்டு, ஏனென்றால் உள்ளே இருக்கும் எண்கள் வேறு. வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சுருங்கிய படமும் அப்படித்தான். மிச்சமிருந்த கோப்புகளை ஐயாவும் நானும் கடை அடைத்த பிறகு உட்கார்ந்து கண்ணால் பார்த்துப் பிரித்தோம். அப்படிப் பிரிக்கும்போதுதான் ஒரு படத்தில், ஒதுக்குப்புறமாக, பால் வாளியோடு நிற்கும் என் அப்பாவைப் பார்த்தேன். இருபது வயது இருக்கும். அந்தப் படம் எங்கள் வீட்டில் கிடையாது.

விலையைப் பற்றிச் சொல்ல வேண்டும், மதிப்புரை என்றால் அதுவும்தானே. விலை இல்லை. ஆனால் நிபந்தனை உண்டு. கருவியோடு வரும் குறிப்பில், இதை யாருக்கும் இலவசமாகக் கொடுக்கலாம், ஃபிளாப்பி தட்டு, சிடி, இணையம் எதன் வழியாகவும் கொடுக்கலாம், ஆனால் அதற்குக் காசு வாங்கக் கூடாது, பொதியில் இருக்கும் எல்லாக் கோப்புகளையும் மாற்றாமல் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. ஃபிளாப்பி தட்டு என்று இன்னும் அதில் இருப்பதைப் பார்க்கும்போது, எத்தனை காலமாக ஒருவர் இதைச் செய்துகொண்டிருக்கிறார் என்று தோன்றும். என் கடையில் நேரத்துக்குத்தான் கூலி வாங்குகிறேன், அரை மணிக்கு 10 வெள்ளி. கருவி வேண்டும் என்பவர்களுக்குப் பொதியை அப்படியே நகலெடுத்துக் கொடுக்கிறேன், அதற்கு ஒரு காசும் இல்லை. பென்டிரைவ் அவர்களுடையது.

மூலநிரலை அவர் பெரும்பாலும் வெளியிடுவதில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்ல வழி இல்லை, நம்பிக்கையில்தான் ஓடுகிறது. அது எனக்கு ஒரு குறை. 1996-இல் இரண்டு பேர் ஆரம்பித்து 2006-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கிக்கொண்ட சிஸ்இன்டர்னல்ஸ் கருவிகளும் இதே மாதிரி சிறியவை, ஆழம் அதிகம். ஆனால் என்னைப் போன்றவர்களுக்குப் படிக்கக் கடினம். நிர்லாஞ்சர் என்ற பொதியில் இரண்டையும் ஒரே இடத்தில் சேர்த்து வைத்துக்கொள்ளலாம், நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

இன்னொரு குறை, தமிழ் இல்லை. ஆனால் அதற்கு அவரே கதவைத் திறந்து வைத்திருக்கிறார். கருவியின் பெயரோடு ஒரு சாய்கோடும் ஒரு கட்டளையும் சேர்த்து ஓட்டினால், அதில் இருக்கும் எல்லா மெனுச் சொற்களும் வாக்கியங்களும் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பாக வெளியே வந்து விழும். நோட்பேடில் திறந்து, சமக்குறிக்கு வலப்பக்கம் இருப்பதை நம் மொழியில் மாற்றி, அதே மடிப்பில் சேமித்துவிட்டுக் கருவியைத் திறந்தால் நம் மொழியில் பேசும். பழையபடி வேண்டுமென்றால் அந்தக் கோப்பின் பெயரை மாற்றினால் போதும். வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளுக்குக்கூட அதில் ஒரு வரி ஒதுக்கியிருக்கிறார். நிரல் எழுதத் தெரியாத ஒரு போட்டோஸ்டாட் கடைக்காரிக்கும் இதில் இடம் இருக்கிறது என்று நினைத்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

சர்ச்மைஃபைல்ஸைத் தமிழாக்கிவிட்டேன். தட்டுவதற்கு அஞ்சல் முறை, ஆங்கில விசைகளிலேயே ஒலிப்படி தமிழ் தட்டுவது. நம் நாட்டு முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் மென்பொருளில்தான் நான் தமிழ் தட்டப் பழகினேன். அதுவும் ஒரு மனிதரின் ஆர்வத்தில் தொடங்கியதுதான், இன்றைக்கு விண்டோஸிலேயே அந்த விசைமுறை இருக்கிறது. சதவீதக் குறியும் பக்கத்தில் ஓர் எழுத்தும் இருக்கும் இடங்களைத் தொடக்கூடாது என்று தட்டித் தடவிக் கற்றுக்கொண்டேன், அங்கேதான் கருவி எண்ணிக்கையை நிரப்பும். தமிழ்ச் சொற்கள் நீளம் என்பதால் சில பொத்தான்களில் வால் வெட்டுப்பட்டது. 'தேர்ந்தெடுக்கப்பட்டவை' என்பதைத் 'தேர்ந்தவை' ஆக்கினேன். டூப்ளிகேட் என்பதற்கு முதலில் 'நகல்' என்று போட்டேன். கடைக்கு வருகிறவர்களுக்கு நகல் என்றால் நான் எடுத்துத் தரும் போட்டோஸ்டாட். 'இரட்டைக் கோப்பு' என்றால் மூன்று இருக்கும் இடத்தில் பொருந்தவில்லை. கடைசியில் 'ஒத்த கோப்பு' என்று நின்றது. பிஸ்கட் டின் ஐயா அந்தத் தமிழ் மெனுவை மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக வாய்விட்டு வாசித்தார்.

இப்போது புளூஸ்கிரீன்வியூவில் கை வைத்திருக்கிறேன். ரெஃப்ரெஷ் என்ற ஒரு சொல்லில் நிற்கிறேன். 'புதுப்பி' என்று போட்டேன். என் மகளுக்குச் சரியாகப் பட்டது. ஆனால் நம் ஊரில் புதுப்பிப்பது என்றால் லைசன்ஸ், ரோட் டேக்ஸ், இன்சூரன்ஸ். ஒரு அண்ணன் அதைச் சொடுக்கவே பயந்து, "புதுப்பிச்சா காசு ஆகுமா?" என்று கேட்டார். இப்போதைக்கு 'மறுபடி பார்' என்று மாற்றி வைத்திருக்கிறேன். இதைவிடப் பொருத்தமான சொல் யாருக்காவது தோன்றினால், கடைப் பக்கம் வரும்போது சொல்லிவிட்டுப் போங்கள்.